டயரில் உட்கார்ந்த எஞ்சின்

ஜனவரி 9, வியாழன்.

அளந்தது: சடையப்பன் யார்டில் இருக்கும் புது ஜாதி எஞ்சினின் நீளத்தை வரைபடத்தில் ஏற்றினேன்.

தப்பு: விசிறியைச் சேர்க்காமல் அளந்திருக்கிறேன். விசிறியைக் கழற்றிப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அதை மிதிக்காமல் தாண்டிப் போனதுகூட நினைவிருக்கிறது. அளக்கத் தோன்றவில்லை.

நாளை: வேலைக்குப் போகும் முன், வண்டியில் ரேடியேட்டர்வரை விசிறிக்கு இடம் இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது.

எழுதி முடித்து பிரிஸ்கில்லா பேனாவை மூடினாள். அளந்தது, தப்பு, நாளை என்று தினமும் எழுதும் பழக்கம் மாலை வகுப்பில் தொற்றிக்கொண்டது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் பிரபா மிஸ் இயந்திர வரைபடம் சொல்லித் தருகிறார். தப்பு என்ற இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டு வருகிறவர் அன்றைக்கு எதையுமே அளக்கவில்லை என்பது அவர் கட்சி. வகுப்பில் சிலர் அதற்குப் பயந்து தப்புகளைக் கற்பனை செய்து எழுதினார்கள். பிரிஸ்கில்லாவுக்கு அந்தக் கஷ்டம் வந்ததில்லை. பகலில் வேதகிரியின் உரக்கடையில் பில் போடுகிறவள் அவள். வாடிக்கையாளர் கையில் கொடுத்த பில்லைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை கூட்டிப் பார்க்கிற ரகம்.

ஆனால் இந்த வாரத் தப்பு கடைப் பில்லில் ஏற்படும் தப்பு மாதிரி இல்லை. அழித்து எழுத முடியாது.

அவள் அப்பா சாமுவேலின் பிக்கப் வண்டி ஒரு மாதமாக எஞ்சின் இல்லாமல் கிடந்தது. பின்சக்கரம் தள்ளுகிற பழைய காலத்து வண்டி. முன்பக்கம் குறுக்கே ஒரு முழு இரும்பு ஆக்ஸில், அதன்மேல் வில் மாதிரி வளைந்த பட்டைகள், அதற்கும் மேலே வண்டியின் உடம்பு. சாமுவேலுக்கு முந்தின தலைமுறை எல்லாம் பிறர் நிலத்தில் கட்டு சுமந்தே கழுத்து தேய்ந்தது. அவர்தான் அந்த வண்டியை மூன்றாவது கையாக வாங்கி, தலையில் ஏற்றுவதை வண்டியில் ஏற்றுவதாக மாற்றினார். பொங்கல் கழிந்ததும் சம்பா அறுப்பு தொடங்கிவிடும். நிலக்காரர் முத்துகிருஷ்ணன் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும் நடை பல வருடமாக இவர்களுடையது. வண்டி அதற்குள் எழுந்து நிற்காவிட்டால் அந்த நடை வேறொருவர் வண்டிக்குப் போகும். அப்படிப் போன நடை எதுவும் அந்தப் பக்கத்தில் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

கையில் இருக்கும் காசுக்கு ஒரு எஞ்சின்தான் வரும். வாங்கி வந்து பொருந்தாமல் போனால் இன்னொன்று கிடையாது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வாலாஜாபாத்தில் சடையப்பனின் பழைய இரும்பு யார்டுக்குப் போய் இரண்டு எஞ்சின்களைப் பார்த்து வந்தார்கள். சாமுவேல், பிரிஸ்கில்லா, அவள் தாய்மாமன் ஆல்பர்ட். ஆல்பர்ட்தான் மெக்கானிக். வண்டி கிடப்பதும் ரோட்டோரம் அவர் பட்டறையில்தான். ஒன்று பழைய ஜாதி. வண்டியில் முன்பு இருந்ததன் அச்சு அசல். தூக்கி வைத்தால் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் புகை, கொஞ்சம் சத்தம். இன்னொன்று விபத்தில் அடிபட்ட சரக்கு வேன் ஒன்றிலிருந்து எடுத்த புது ஜாதி. சடையப்பன் அதை ஓடவிட்டுக் காட்டியபோது சாமுவேல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வே இல்லை. அந்தக் கணமே அவர் மனசு அதில் விழுந்துவிட்டது.

பழைய ஜாதியே புத்திசாலித்தனம் என்று ஆல்பர்ட் ஆரம்பித்தார். சாமுவேல் முடிக்கவிடவில்லை.

"செத்தவன் தம்பியவே மறுபடி வூட்டுக்குள்ள வுடச் சொல்றியா மச்சான்?"

சனிக்கிழமை சாயங்காலம்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக சடையப்பன் ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது சாமுவேல் மகளின் தலையைக் காட்டிச் சொன்னார்:

"பொண்ணு படம் போட்டுக்கினு கீது. உள்ள பூரும்னு அது சொல்ட்டா எட்த்துக்கறோம்."

அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் பிரிஸ்கில்லா நடமாடினாள். வண்டிக்குள் எஞ்சின் இருந்த குழியை எல்லாப் பக்கமும் அளந்து, இரண்டு எஞ்சின்களையும் அதற்குள் வரைந்து பார்த்தாள். இரண்டுமே பொருந்தின. அதை அப்பாவிடம் சொல்லியும்விட்டாள். சொன்ன பிறகுதான் விசிறி நினைவுக்கு வந்தது.

வீட்டில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எஞ்சின் செத்த அன்று வண்டி ஓட்டியது அவள் அண்ணன் வசந்த்குமார். திருமுக்கூடல் தாண்டி, பாதி லோடோடு, இரும்பை அரைக்கிற சத்தத்தோடு நின்றுபோனது. கட்டி இழுத்து வந்து பார்த்தபோது எஞ்சினின் பிளாக்கே விரிசல் விட்டிருந்தது. ஆல்பர்ட் மேல்மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் காய்ந்து நீலம் பாய்ந்திருந்தது. ஆயில் ஏறாமலே ஓடியிருக்கிறது என்றார். ஆனால் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு சரியாக இருந்தது. காலையில் தானே பார்த்து ஊற்றியதாக வசந்த் சொன்னான். எஞ்சின் நின்ற பிறகு பயந்துபோய் ஊற்றியிருப்பான் என்று சாமுவேல் முடிவு செய்தார். இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, "உன் வூட்டுக்காரரு செருப்பு என் செருப்பு மேல கீது, எடுக்கச் சொல்லு" என்று வசந்த் அம்மாவிடம் சொல்வான். வண்டி இல்லாததால் அவன் வேதகிரி கடையிலேயே மூட்டை தூக்கப் போனான். அண்ணன் தோளில் ஏற்றிப் போகிற மூட்டைக்குத் தங்கை பில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பட்டறைக்குப் போனபோது ஆல்பர்ட் பிக்கப்பின் முன் பம்பரில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாதாரண ஆள் இல்லை. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றுகொள்வார். செத்த எஞ்சின், வேப்பமரத்தடியில் ஒரு லாரி டயரின் நடுக்குழியில், அடைகாக்கும் கோழிபோல் உட்கார்ந்திருந்தது. இறக்கிய எஞ்சினைத் தரையில் வைத்தால் சாயும். டயரில் வைத்தால் அசையாது. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான்.

விசிறிக்கு இடம் இருந்தது. விசிறி போக இன்னும் ஒரு கை நுழையும் அளவுக்கு இருந்தது. பிரிஸ்கில்லாவுக்கு மூச்சு வந்தது. அதோடு போயிருக்கலாம். ஆனால் ஒரு அளவு தப்பாகப் போன இடத்தில் மற்ற அளவுகள்மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். எஞ்சினின் அடித்தொட்டி, சம்ப் என்பார்கள், ஆயில் தேங்கி நிற்கும் இடம். அது முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வரும். அதனால் வண்டியின் சட்டத்துக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை அளந்ததைவிட இப்போது ஒரு விரல் குறைந்திருந்தது.

மறுபடி பிடித்தாள். அதே குறைவு. ஞாயிற்றுக்கிழமை டேப்பின் நுனி மாட்டாமல் வழுக்கியிருக்கும் என்று நினைத்தாள். தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வது அவளுக்கு எப்போதும் சுலபம். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டிருந்தபோது மேலே ஆல்பர்ட் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தார்.

டேப் அவள் கையில் அசையவில்லை. எண் அசைந்தது. அவள் கண்ணெதிரே சட்டம் மெல்ல மேலே போய், ஞாயிற்றுக்கிழமை அளவில் வந்து நின்றது.

டேப்பைப் பிடித்த பிடி விடாமல் அவள் கூப்பிட்டாள்.

"மாமா, திரும்ப அங்கியே குந்துங்க."

"இன்னாத்துக்கு?"

"சும்மா குந்துங்க மாமா."

அவர் உட்கார்ந்தார். எண் இறங்கியது. எழச் சொன்னாள். ஏறியது. மறுபடி உட்காரச் சொன்னாள்.

"என் வெயிட்டு எடுக்கறியா பொண்ணே? கணக்கு உங்க அத்தைக்குத் தெரிஞ்சிரப் போவுது."

பிரிஸ்கில்லா வெளியே வந்து சாக்கிலேயே உட்கார்ந்துகொண்டாள். எஞ்சினைத் தூக்கி எடுத்த பிறகு வண்டியின் முன்பக்கம் பாரம் இல்லாமல் பட்டைகள்மேல் நிமிர்ந்து நிற்கிறது. அவள் அளந்தது அந்த நிமிர்ந்த வண்டியை. எஞ்சின் ஏறினால் அது அமுங்கும். ஒரு மாமா உட்கார்ந்ததற்கே ஒரு விரல் என்றால், எஞ்சினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்தால் எவ்வளவு? விசிறி ஒரு சின்னத் தப்பு. இது வரைபடத்தையே கவிழ்க்கிற தப்பு. நாளைக்கு அப்பா இதை நம்பித்தான் போய் எஞ்சினை ஏற்றப் போகிறார்.

பயம் வந்தது உண்மைதான். ஆனால் அதைவிட எவ்வளவு அமுங்கும் என்று பார்த்துவிடும் ஆசைதான் அவளைப் பிடித்து ஆட்டியது. ஆல்பர்ட்டிடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து என்ன எடை இருக்கும் என்று கேட்டாள். கடையில் எடை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யூரியா மூட்டை நாற்பத்தைந்து கிலோ. கணக்குப் போட்டால் ஐந்து மூட்டை வந்தது.

கடையில் வேதகிரி அவளைப் பார்த்த பார்வையில் ஒரு நிமிடம் வியாபாரமே நின்றுபோனது. உரத்தைக் கொண்டுபோய் வண்டிக்கு எஞ்சினாக வைக்கப் போகிறேன் என்று சொன்னால் யார்தான் பார்க்கமாட்டார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார். பை கிழியக் கூடாது, ஈரம் படக் கூடாது, வசந்த் மதியம் டெலிவரிக்கு அந்த வழியாகப் போகும்போது இறக்கி உடனே ஏற்றிவிட வேண்டும், போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பக் கூடாது.

மதிய இடைவேளையில் வசந்த் டெம்போவைப் பட்டறையில் நிறுத்தினான். குழிக்குக் குறுக்கே இரண்டு பலகை போட்டு, எஞ்சின் உட்காரும் இடத்தில் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். அப்பாவுக்காக என்றால் செய்திருக்கமாட்டான் என்பதை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டுதான் செய்தான். ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே போனது. ஐந்தாவது மூட்டைக்கு ஆல்பர்ட் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

புது ஜாதி எஞ்சினின் சம்ப் ஆழமானது. அதன் அளவை டேப்பில் பிடித்துப் பார்த்தபோது ஆக்ஸில்மேல் நேராக உட்கார்ந்தது. வண்டி ஓட வேண்டியதே இல்லை. நின்ற இடத்திலேயே இடித்தது.

"அது பூராது மாமா" என்றாள். அப்பாவின் உள்ளங்கை அந்த எஞ்சின்மேல் இருந்தது நினைவுக்கு வந்தது.

ஆனால் முடிவை அங்கேயே விட அவளால் முடியவில்லை. இந்த மூட்டைச் சோதனையே தப்பாக இருந்தால்? சரிபார்க்க ஒரு வழி இருந்தது. பழைய ஜாதி எஞ்சின் இந்த வண்டியில் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. அதற்குத் தாராளமாக இடம் இருந்தே ஆக வேண்டும். அதன் சம்ப் அளவை ஞாயிற்றுக்கிழமை யார்டில் எடுத்திருந்தாள். அதைப் பிடித்துப் பார்த்தாள்.

இரண்டு விரல் இடம்தான் இருந்தது.

அண்ணனைப் பம்பர்மேல் ஏறிக் குதிக்கச் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க யாரையாவது எதையாவது மிதிக்க வேண்டும்போல் இருந்திருக்கும். அவன் குதித்த ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு விரலும் காணாமல் போனது. பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் இதேதான் நடக்கும். ஆக்ஸில் ஏறி முட்டாமல் தாங்குகிற ரப்பர் கட்டைகள் இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்பிடின்னா நான்தான் தப்பாப் பண்ணிக்கினு கீறேன்" என்றாள். "பழசு இடிக்காம ஓடிச்சே."

ஒரு மூட்டையை எடுத்துவிட்டு, அண்ணனை மறுபடி குதிக்கவைத்து அளந்தாள். அப்போதும் இடித்தது. எடையில் தப்பில்லை, டேப்பில் தப்பில்லை. அவளுக்கு அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி ஆயிற்று. இடித்திருக்கக் கூடாது, ஆனால் இடித்திருக்கிறது என்று வண்டி சொல்கிறது. இடித்திருந்தால் தழும்பு இருக்க வேண்டும். அவள் திரும்பி மரத்தடியைப் பார்த்தாள். எஞ்சின் டயருக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு மாதமாக அதன் அடியை யாரும் பார்க்கவில்லை.

"மாமா, அத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவீங்களா?"

சம்பில் நசுங்கல் இல்லாத பழைய வண்டி எங்கே இருக்கிறது, வரப்பு ஓரக் கல்லெல்லாம் அதில்தான் அடிக்கும் என்று ஆல்பர்ட் முனகினார். முனகிக்கொண்டே பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினார். எஞ்சின் எழும்போது டயரும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்து, பாதியில் தொப்பென்று விழுந்தது.

மூன்று பேரும் குனிந்தார்கள்.

கல் அடித்தால் சொட்டை கூராக இருக்கும். இது அப்படி இல்லை. இட்லி மாவில் கரண்டிக் காம்பைப் படுக்கவைத்து அழுத்தியது மாதிரி, சம்பின் குறுக்கே ஒரு வழவழப்பான பள்ளம். நடுவில் பெயிண்ட் போய் வெள்ளியாகப் பளபளத்தது. பிரிஸ்கில்லா டேப்பை அதன் குறுக்கே வைத்தாள். பிறகு வண்டிக்குப் போய் ஆக்ஸில் அகலத்தை அளந்தாள். திரும்ப வந்து மறுபடி பள்ளத்தை அளந்தாள். சொல்வதற்கு முன் இன்னொரு முறை.

"ஒண்ணுதான்" என்றாள்.

ஆல்பர்ட் இப்போது முனகவில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, கறுப்பு ஆயிலை வாளியில் வடித்து, சம்பை இறக்கினார். எஞ்சின் ஆயிலை உறிஞ்சும் குழாய் ஒன்று உள்ளே தொங்கும்; அதன் வாயில் சல்லடை வைத்த ஒரு கிண்ணம். பள்ளம் விழுந்து மேலே ஏறிய தகடு அந்தக் கிண்ணத்தை அமுக்கி, வாயைச் சப்பட்டையாக்கி மூடியிருந்தது. அவர் விரலை நுழைத்துப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை.

"ஆயில் இருந்துக்கீதுடா வசந்து" என்றார். "குடிக்கத்தான் அதுக்கு வாய் இல்ல."

வசந்த் ஒரு எட்டு கிட்டே வந்தான். அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்துக்குத்தான் சாமுவேலும் அம்மா அம்முலுவும் வந்தார்கள். அவர் பக்கத்துக் கட்டட வேலையில் கலவை தூக்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அம்முலு தூக்கு கொண்டுவந்திருந்தாள். சாமுவேல் மூட்டைகளைப் பார்த்தார், தொங்கும் எஞ்சினைப் பார்த்தார். பிரிஸ்கில்லா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னாள். தான் நிமிர்ந்த வண்டியை அளந்ததையும் புது எஞ்சின் பொருந்தாது என்பதையும் முதலில் சொன்னாள், அதுதான் சொல்லக் கஷ்டமானது என்பதால். சாமுவேல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது அவர் முதுகு முழுக்க மண்.

"பட்டை ஏன் இவ்ளோ தொங்கிக் கீது?" என்று பிரிஸ்கில்லா கேட்டாள். அவளுக்கு இன்னும் அந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பாரம் ஏற்றுவது பின்னால்தானே. முன்பக்கம் ஏன் இவ்வளவு தளர வேண்டும்?

ஆல்பர்ட் முன்பக்கப் பட்டைகளின் அடுக்கை விரலால் எண்ணினார். அந்தப் பக்கம் போய் அதையும் எண்ணினார். ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று குறைகிறது என்றார். உடைந்து விழுந்ததா, யார் கழற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பட்டறை வைப்பதற்கு முந்தின கதையாக இருக்கும்.

சாமுவேல் தலையைச் சொறிந்தார். அம்முலு தூக்கைக் கீழே வைத்தாள்.

"நம்ம வூட்ல மீன் அறியற கத்தி எதுல அடிச்சது, கேளு உங்க நைனாவ."

கதை அதன் பிறகுதான் வந்தது. பெரும்பகுதியை அம்முலுவே சொன்னாள். வண்டி வாங்கிய புதிதில், கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு சபையார் இந்த வண்டியில்தான் வீடு வீடாகப் போனார்கள். பாடகர் குழு பின்னால் நிற்கும். பாஸ்டர் ஐயா முன்னால் உட்காருவார். அவருக்கு இடுப்பு வலி. முதல் நாள் ராத்திரி வண்டி தூக்கிப் போட்ட போடில் இரண்டாவது தெருவிலேயே இறங்கி நடந்துவிட்டார். மறுநாள் சாமுவேல் முன்பக்கம் இரண்டு புறமும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றிவிட்டார். ஒரு வாரத்துக்குத்தான் என்று சொல்லிக் கழற்றியது. அன்று ராத்திரி பாஸ்டர் ஐயா எல்லோரும் கேட்க, மெத்தையில் உட்கார்ந்து வந்தது மாதிரி இருந்தது என்று சொல்லி ஜெபத்திலும் அதைச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் திரும்ப மாட்டுவார்கள்? பட்டை நல்ல இரும்பு; கொல்லுப் பட்டறையில் கொடுத்து இரண்டு கத்தி அடித்தார்கள். ஒன்று இவர்கள் வீட்டில். இன்னொன்று பாஸ்டரம்மாவுக்குப் பரிசு.

"நல்லா வெட்டுது" என்றாள் அம்முலு. "அதச் சொல்லணும்."

ஆல்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

சாமுவேல் கழற்றிய சம்பைக் கையில் எடுத்தார். பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார். யாரை என்று பெயர் சொல்லவில்லை.

"அன்னிக்குக் காலையில எவ்ளோ ஊத்தின?"

மரத்தில் காக்கை ஒன்று இடம் மாறியது. வசந்த் தங்கையைப் பார்த்தான். வழக்கமாக அம்மா வழியாக, இல்லையென்றால் அவள் வழியாகத்தான் பதில் போகும். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அரை லிட்டரு" என்றான். "குச்சியில கீழ்க்கோட்டாண்ட இருந்திச்சி. மேல்கோடு வரிக்கும் ஊத்தினேன்."

"பத்தும்" என்றார் சாமுவேல். "சரியாத்தான் ஊத்திக்கீற."

அவ்வளவுதான் பேச்சு. வசந்த் மூட்டைகளை டெம்போவில் திரும்ப ஏற்றத் தொடங்கினான். மூன்றாவது மூட்டைக்கு சாமுவேல் மறுமுனையைப் பிடித்தார். இதுவரை தனியாளாகத் தூக்கியவனுக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தான். பை எதுவும் கிழியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு எஞ்சின் பேச்சு திரும்ப வந்தது. புது ஜாதியின் சம்பை வெட்டி ஒட்டி உயரம் குறைக்கலாம் என்று ஆல்பர்ட் ஒரு யோசனை சொன்னார். சாமுவேல் மகளைப் பார்த்தார். பிரிஸ்கில்லா விரல்விட்டு எண்ணினாள். சம்பைக் குறைத்தால் ஆயில் கொள்ளளவு குறையும், உள்ளே குழாயையும் சுருக்க வேண்டும், அப்புறம் எஞ்சின் ஜாதி மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற அனுமதிக்கு அலைய வேண்டும். இவை எல்லாம் அறுப்புக்கு முன் ஆகுமா என்பது தனக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்பதை அவள் சொன்ன விதத்தில் ஒரு தெளிவு இருந்தது.

சாமுவேல் கை துடைத்துக்கொண்டு சடையப்பனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சடையப்பன் புது எஞ்சினைத் துடைத்துத் தயாராக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். சாமுவேல் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கையைத் தொடையில் ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

"அது வாணாம். அந்தச் செத்தவன் தம்பி கீறான் பாரு, அவனக் குடு" என்றார். "அண்ணங்காரன் மேல தப்பு இல்லன்னு ஆயிப்போச்சி."

மிச்சமாகும் காசில் பட்டைக்கும் ரப்பர் கட்டைக்கும் வழி உண்டு என்று ஆல்பர்ட் கணக்குச் சொன்னார். வசந்த் டெம்போவைக் கிளப்பினான். போகிற போக்கில் ஜன்னலால் தலையை நீட்டி, பாஸ்டர் ஐயா இந்த வருஷம் பவனிக்குப் பின்னால் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்.

மாலை வகுப்பில் மிஸ் வருவதற்கு முன்பு பிரிஸ்கில்லா ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை விரித்து, சட்டத்துக்கும் ஆக்ஸிலுக்கும் இடையிலிருந்த எண்ணை அழித்தாள். புதிய எண்ணை எழுதப் போனவள் நிறுத்தினாள். பட்டை ஏறினால் அதுவும் மாறும். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நாட்குறிப்பை எடுத்தாள்.

ஜனவரி 10, வெள்ளி.

அளந்தது: வண்டியின் முன்பக்கம், ஐந்து மூட்டை பாரத்தோடு. செத்த எஞ்சினின் சம்பில் உள்ள பள்ளம்.

தப்பு: எஞ்சின் இல்லாத வண்டியை, எஞ்சின் இருப்பதாக நினைத்து அளந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பரில் ஒரு நாள், அண்ணன் ஆயில் பார்க்காமல் ஓட்டிவிட்டான் என்று இதில் எழுதியிருக்கிறேன். அதை நான் அளக்கவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

நாளை: வாலாஜாபாத் யார்டில் பழைய ஜாதி எஞ்சினைச் செயினில் தூக்கி, அடியைப் பார்த்த பிறகே வாங்குவது. வரும் வழியில் முன்பக்கத்துக்கு இரண்டு பட்டை, இரண்டு ரப்பர் கட்டை. அண்ணனும் நைனாவும் வருகிறார்கள். டேப் என் பையில் இருக்கிறது.